கல்லூரி மாறும்போது கிரெடிட்டைக் காப்பாற்றுவது எப்படி? வடசென்னை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி மாறுவது என்று முடிவானதும் பலர் செய்கிற முதல் வேலை, பழைய கல்லூரி ஆபீசுக்குப் போய் டி.சி.க்கு எழுதிக் கொடுப்பது. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். டி.சி. கைக்கு வந்துவிட்டால் நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர் இல்லை. புதிய கல்லூரியோ இன்னும் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில் சிக்கியவருக்காக ஒரு கையெழுத்துப் போட இரண்டு பக்கமும் ஆள் கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது: எதை முதலில் கேட்பது, எதை எழுத்தில் வாங்குவது, எதை எப்போது கையைவிட்டு விடுவது.

எங்கள் பக்கம் கல்லூரி மாறுவதற்கான காரணம் பெரும்பாலும் படிப்பே இல்லை. காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ இருந்த குடும்பத்துக்குப் நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கப்படுகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், பையன் காலையில் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. சுயநிதிப் பிரிவின் கட்டணத்தை இரண்டாம் ஆண்டும் கட்ட முடியவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்றே முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போய்விடுகிறது. எதுவானாலும் அதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, முகவரி மாற்றிய ரேஷன் கார்டு, மருத்துவமனைச் சான்று என்று பொருத்தமான ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். இந்தக் கடிதம் பல மேசைகளுக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்களுடையது எந்த வகை மாற்றம்?

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத ஒரு கல்லூரியிலிருந்து அதே வகையான இன்னொரு கல்லூரிக்கு, அதே பாடப்பிரிவில் போகிறீர்கள் என்றால், கிரெடிட்டை, அதாவது தேர்ச்சி பெற்ற ஒவ்வொரு தாளுக்கும் உங்கள் கணக்கில் சேரும் புள்ளியை, எங்கேயும் மாற்றத் தேவையில்லை. தேர்வு நடத்தியதும் மதிப்பெண் போட்டதும் பல்கலைக்கழகம். பாடத்திட்டமும் அதனுடையது. மாறுவது நீங்கள் உட்காரும் வகுப்பு மட்டும்தான். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து பொன்னேரிப் பக்கம் போனாலும் பல்கலைக்கழகம் மாறாது. இங்கே வேண்டியது காலியிடமும் அனுமதியும்.

ஒரு பக்கம் தன்னாட்சிக் கல்லூரி இருந்தால் கதை வேறு. பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கொடுத்தாலும், பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, தேர்வையும் தாங்களே நடத்துகின்றன. ஆக, அங்கே ஓராண்டு படித்த மாணவி பெரும்பாக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரிக்குப் போக நினைத்தால், ஒவ்வொரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இணையானதா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகம்தானே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மூன்றாவது, பல்கலைக்கழகமே மாறுவது. ஆந்திர எல்லையில் உள்ள சூலூர்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து போகிற பிள்ளைகள் நம் பக்கம் உண்டு. நெல்லூரில் உள்ள விக்ரம சிம்மபுரி பல்கலைக்கழகத்தின் கீழ் முதலாண்டு முடித்துவிட்டு இங்கே வர நினைத்தால், இணைத்தன்மையோடு மைக்ரேஷன் சான்றிதழும் (வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக பழைய பல்கலைக்கழகம் தருவது), சென்னைப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நான்காவது, பாடப்பிரிவையே மாற்றுவது. பி.எஸ்சி. கணிதத்திலிருந்து பி.காமுக்குப் போனால் தமிழ், ஆங்கிலம், சில பொதுத்தாள்கள் தவிர உருப்படியாக எதுவும் கூட வராது. என்னைக் கேட்டால், முதலாண்டோடு இருப்பவர்கள் புதிதாகவே சேர்ந்துவிடலாம்.

இன்னொன்று: ஒரே கல்லூரிக்குள் மாலை நேரச் சுயநிதி ஷிஃப்டிலிருந்து காலை நேர அரசு உதவிபெறும் பிரிவுக்குப் போவதும் மாற்றம்தான். ஒரே கேட், ஒரே முதல்வர் என்பதால் வாய்வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உதவிபெறும் பிரிவில் இடம் இருக்க வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும்.

கிரெடிட் கணக்கு எங்கே உதைக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். தேசிய கிரெடிட் கட்டமைப்போ ஆண்டுக்கு 40, மூன்றாண்டுக்கு 120 என்று போகிறது. அப்படி 40 கிரெடிட்டோடு வெளிமாநிலத்திலிருந்து ஒருவர் வந்தால், இங்கே முதலாண்டு முடித்தவர் சராசரியாக 46, 47 கிரெடிட்டோடு உட்கார்ந்திருப்பார். அந்த வித்தியாசத்தைக் கூடுதல் தாள் எழுதித்தான் நிரப்ப வேண்டும்.

அந்த 140 ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்கு பொதுத்தாள்கள், ஐந்து விரிவாக்கச் செயல்பாடு. எல்லோரும் பகுதி மூன்றையே பார்த்துக் கவலைப்படுவார்கள். உண்மையில் காலை வாருவது பகுதி நான்கு.

அதில் ஒரு விதியைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல், கல்லூரியிலும் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர் அடிப்படைத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் வேறு துறை விருப்பப் பாடம். சௌகார்பேட்டையில் வளர்ந்து இந்தி எடுத்தவரோ, தெலுங்கு எடுத்தவரோ வெளியிலிருந்து இங்கே மாறி வந்தால் இந்தத் தாள்கள் அவர் மார்க் ஷீட்டிலேயே இருக்காது. யாரும் முதல் நாளில் சொல்லவும் மாட்டார்கள். மூன்றாம் ஆண்டு முடிந்து பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘பகுதி நான்கு நிறைவடையவில்லை’ என்று வந்து நிற்கும். சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, என்.எஸ்.எஸ். போன்ற செயல்பாடுகளுக்கான கிரெடிட் எல்லாம் சின்னச் சின்னவைதான், ஆனால் ஒன்று குறைந்தாலும் பட்டம் நிற்கும்.

மொழித் தாள்களிலும் கவனம் வேண்டும். ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவுக்குத் தமிழ் இரண்டு பருவம், இன்னொன்றில் நான்கு பருவம் என்று இருக்கலாம். இந்த மாதிரி சிக்கலைக் குறைக்கத்தான் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டில் மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து அதற்கு எதிர்ப்பும் வந்தது. எனவே பொதுப் பாடத்திட்டம் வந்துவிட்டதே என்று நம்பி, ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

தாள்களை ஒப்பிடும் பட்டியல்

இதுதான் முழு வேலையிலும் அதிக நேரம் கேட்பது. துறைத்தலைவர் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே தயார் செய்து கொண்டுபோங்கள். ஒரு முழுத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள் தேர்ச்சி பெற்ற ஒவ்வொரு தாளின் பெயர், குறியீடு, பருவம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கிரெடிட், மதிப்பெண். வலப்பக்கம் புதிய கல்லூரியில் அதற்கு ஈடான தாளின் அதே விவரங்கள். அதன்கீழ் அலகு அலகாகப் பாடத்தலைப்புகள்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பி.காமில் ‘நிதிக் கணக்கியல்’ எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். ஆனால் தேய்மானம் முதல் பருவத்திலும், கிளைக் கணக்கும் தவணை முறைக் கொள்முதலும் இரண்டாம் பருவத்திலும் ஒரு கல்லூரியில் இருக்க, இன்னொன்றில் எல்லாம் இடம் மாறியிருக்கலாம். இரண்டு பருவத்தையும் சேர்த்து ஒப்பிட்டால் பொருந்தும், தனித்தனியாகப் பார்த்தால் பொருந்தாது. அதைப் பட்டியலிலேயே குறித்துக் காட்டுங்கள். கணினி அறிவியலில் ஒரு கல்லூரி முதல் பருவத்தில் சி மொழி நடத்தியிருக்கும், இன்னொன்று பைத்தான் நடத்தியிருக்கும். அப்போது ஏற்கெனவே படித்த பாடம் புதிய இடத்தில் மூன்றாம் பருவத்தில் மறுபடி வரும், படிக்காத பாடம் பின்னால் விட்டுப்போயிருக்கும். இரண்டையும் சொல்லி, வருகிற தாளிலிருந்து விலக்கு உண்டா, விட்டுப்போனதை எந்தத் தேர்வில் எழுதலாம் என்று கேட்க வேண்டும்.

பட்டியலோடு பழைய கல்லூரியின் பாடத்திட்ட நகல் வேண்டும். இணையத்தில் இறக்கிய பிரதி போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் துறைத்தலைவரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் இருந்தால்தான் மதிப்பு. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான பாடத்திட்டம்தானா என்றும் பாருங்கள். ஓராண்டு தள்ளி எடுத்த நகலால் முழு ஒப்பீடும் தப்பாகிவிடும். மூன்று பிரதி எடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

தோற்ற தாளுக்குக் கிரெடிட் கிடையாது, மாற்றவும் எதுவும் கிடையாது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் என்றால் அரியர் உங்களோடு கூடவே வரும். தன்னாட்சிக் கல்லூரியை விட்டுப் போகிறவர்கள் அந்த அரியரைப் பழைய இடத்திலேயே எழுதுவதா, புதிய இடத்தின் இணைத் தாளை எழுதுவதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் முடித்துவிட்டே கிளம்புங்கள்.

எப்போது, யாரிடம் போவது?

சரியான காலம் இரண்டாம் பருவம் முடிந்து மூன்றாம் பருவம் தொடங்கும் ஜூன், ஜூலை. முதலாண்டில் சேர்ந்தவர்களில் சிலர் விட்டுப் போயிருப்பார்கள், இடம் இருக்கும். மூன்றாம் ஆண்டில் மாறுவது மிகக் கடினம். பல்கலைக்கழகம் மாறுகிறவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: கிரெடிட் வங்கி (இதைப் பற்றிக் கீழே வரும்) விதிகளின்படி பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டை ஈட்டியிருக்க வேண்டும்.

முதலில் புதிய கல்லூரிக்குப் போங்கள். துறைத்தலைவரிடம் பட்டியலைக் காட்டி, “சார், இதுல எந்தப் பேப்பரெல்லாம் ஒத்துக்குவீங்க, நான் கூடுதலா எதெல்லாம் எழுதணும்?” என்று நேராகக் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் காலியிடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்கிறது என்பதையும் ஆபீசில் விசாரியுங்கள். இடம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வது போதாது, உங்கள் பிரிவில் இருக்க வேண்டும்.

அவர்கள் சம்மதித்தால் முதல்வரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். அதைக் காட்டி, பழைய கல்லூரி முதல்வரிடம் இன்னொரு ஆட்சேபணையின்மைக் கடிதம். இரண்டும் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் மேலே போகும். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகள் என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகமும் இடையில் வரும். கடைசியில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம். விம்கோ நகர் பக்கமிருந்து வரும் மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் கடற்கரை நோக்கி நடந்தால் வந்துவிடும். மதிய உணவு நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள்.

ஒவ்வொரு மேசையிலும் கொடுக்கும் தாளின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அப்புறம், ஆபீஸ் வாசலிலேயே ‘நான் முடிச்சுத் தரேன் தம்பி’ என்று ஒருவர் வருவார். அவருக்குக் கொடுக்கும் பணத்தால் எந்தத் தாளும் இணையாகிவிடாது.

தன்னாட்சிக் கல்லூரிக்குள் போகிறவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பழைய மதிப்பெண் அப்படியே வருமா, அல்லது கிரெடிட் மட்டும் ஏற்கப்படுமா? சராசரி என்பது ஒவ்வொரு தாளின் கிரெடிட்டையும் தரப்புள்ளியையும் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பது. முதலாண்டில் நன்றாக எழுதியவருக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராவிட்டால் நஷ்டம். சுமாராக எழுதியவருக்கு அதுவே லாபம்.

கிரெடிட் வங்கிக் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும், இப்போது அதை அபார் எண் என்கிறார்கள். இதை வங்கி பாஸ்புக் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: பதிவு போடுவது கல்லூரியோ பல்கலைக்கழகமோதான், நீங்களாக எதையும் ஏற்ற முடியாது. பதிவான கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திய கிரெடிட்டை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது.

கணக்கில் கிரெடிட் இருக்கிறது என்பதால் புதிய கல்லூரி அதை ஏற்றே ஆக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் படித்ததற்கு அது சாட்சி, அவ்வளவுதான். ஏற்பது இணைத்தன்மை பார்த்த பிறகே.

நம் ஊரில் இங்கே வரும் பெரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் எழுத்து, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால், சில ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து சேராது. பழைய கல்லூரியை விடும் முன்பே டிஜிலாக்கரைத் திறந்து இரண்டு பருவமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் நீங்கள் அங்கே மாணவராக இருக்கும்போதே கேட்பது சுலபம்.

டி.சி., கட்டணம், உதவித்தொகை

பல்கலைக்கழக அனுமதி வந்து, எந்தத் தாள்கள் ஏற்கப்பட்டன, எவை கூடுதலாக எழுத வேண்டும் என்பது எழுத்தில் கிடைத்த பிறகு டி.சி. வாங்குங்கள். கூடவே நன்னடத்தைச் சான்று, வருகைச் சான்று, பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன். நூலகப் பாக்கி, ஆய்வகப் பாக்கி இருந்தால் முன்பே தீர்த்துவிடுங்கள். காப்புத்தொகை கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018 அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பருவத்தின் நடுவில் மாற நேர்ந்தால் இரண்டு கல்லூரி வருகையையும் சேர்த்துக் கணக்கிடத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். 75 சதவீத விதி உங்களுக்காகத் தளராது. ஆகஸ்ட், செப்டம்பரில் நவம்பர் தேர்வுக்குப் பதிவு தொடங்கும் முன் உங்கள் பெயர் புதிய கல்லூரிப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஹால் டிக்கெட் வராது.

பெண் பிள்ளைகள் புதுமைப் பெண் திட்டத்தை மறந்துவிடுவார்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். கல்லூரி மாறினால் யூமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் பழைய கல்லூரி உங்கள் பதிவை விடுவிக்க வேண்டும், புதிய கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் மற்ற உதவித்தொகைகளுக்கும் அப்படித்தான். டி.சி. வாங்கும் அன்றே இதையும் ஆபீசில் சொல்லிவிடுங்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வழி வேறு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு இடையிலான மாற்றம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியாகப் போகிறது. பட்டியல் போடும் வேலை மட்டும் இதேதான்.

பதிலே வராவிட்டால்

விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்றே தெரியாமல் வாரங்கள் ஓடினால், முத்திரை வாங்கிய நகல் இங்கேதான் கைகொடுக்கும். முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி இந்தக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. பல்கலைக்கழகத்தில் நிற்கிறது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு: ‘இந்தத் தேதியில் கொடுத்த விண்ணப்பத்தின் தற்போதைய நிலை என்ன?’ 30 நாளில் பதில் தர வேண்டும். சண்டை போடுகிற தொனி வேண்டாம், தேதியும் விண்ணப்ப எண்ணும் போதும்.

சேர்ந்தபின் முதல் பருவ மார்க் ஷீட் வந்ததும் கூடுதல் தாள்கள் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கின்றனவா, ஏற்கப்பட்ட தாள்கள் பல்கலைக்கழகப் பதிவில் காட்டுகின்றனவா என்று தேர்வுப் பிரிவில் சரிபாருங்கள். இணைத்தன்மைக் கடிதத்தையும் முத்திரையிட்ட பாடத்திட்ட நகலையும் பட்டம் வாங்கியதும் தூக்கிப் போடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கோ முதுநிலைச் சேர்க்கைக்கோ போகும்போது, இரண்டு கல்லூரிப் பெயர் உள்ள மார்க் ஷீட்டைப் பார்த்து விளக்கம் கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.